தட்டில் வைத்த திறப்பு

தெற்கு லண்டனின் நோர்பரியிலும் தோர்ண்டன் ஹீத்திலும் யோகலிங்கத்திடம் கார் பழகாத தமிழ்க் குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். முதலில் கணவனைப் பழக்கியிருப்பார், பிறகு மனைவியை, பிறகு பதினேழு வயது முடிந்த பிள்ளையை. வாரத்தில் ஆறு நாளும் காரின் இடதுபக்க ஆசனத்தில் இருந்து, தன் காலடியில் பூட்டியிருக்கும் இரண்டாவது பிரேக்குக்கு மேலே வலது காலைத் தூக்கி வைத்தபடி தெருத்தெருவாகப் போய்வருவார். மற்றவர்கள் விடப்போகும் பிழைக்குக் காத்திருப்பதுதான் அவருடைய தொழில். ஐம்பத்தெட்டு வயதில் அது அவருக்கு இரத்த அழுத்தத்தைக் கொடுத்திருந்தது. நித்திரையில் திடீரெனக் காலை உதறி மிதிக்கும் பழக்கத்தையும் கொடுத்திருந்தது. கலாவதி பல வருடமாகக் கட்டிலின் அந்தப் பக்கம் படுப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் அவருடைய கார் எல் போர்ட் இல்லாமல் நகருக்கு வெளியே சறே பக்கம் போகும். பின்பக்கம் பூட்டிய பெட்டிக்குள் ஒரு ரிவோல்வர் இருக்கும்.

இதைக் கேள்விப்படுகிறவர்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, "மெய்யே?" என்பார்கள். யோகலிங்கமும் ஒவ்வொரு முறையும் பொறுமையாக விளக்குவார். தோட்டா போட்டுச் சுடும் சாதாரணக் கைத்துப்பாக்கிகளை இந்த நாடு தொண்ணூறுகளின் கடைசியிலேயே தடை செய்துவிட்டது. வெடிமருந்தையும் குண்டையும் முன்பக்கத்தால் இடித்து நிரப்பும் பழங்காலத்து வகைக்குத்தான் இன்னும் இடம் இருக்கிறது. அதற்கும் துப்பாக்கி சுடும் கிளப் ஒன்றில் அங்கத்துவம் வேண்டும், பொலிஸின் அனுமதி வேண்டும், வீட்டுச் சுவரோடு ஆணி முடுக்கிய இரும்பு அலுமாரி வேண்டும். அவருடையது, கௌபோய் படங்களில் இடுப்பில் தொங்குமே, அந்தச் சாயலில் இத்தாலியில் செய்தது. ஒரு முறை நிரப்பி முடிப்பதற்குள் பக்கத்தில் வைத்த தேத்தண்ணி ஆறிவிடும். அறைக்குள் மருந்து, மருந்துக்கு மேலே கொஞ்சம் ரவை, அதற்கு மேலே ஈயக் குண்டு. பிறகு குண்டை அமுக்கி, கொழுப்புப் பூசி, பின்பக்கம், அடித்தால் பொறி கிளப்பும் சின்னச் செப்புத் தொப்பி ஒன்றை மாட்ட வேண்டும்.

ரவை என்றது ரவையேதான். மருந்து குறைவாகப் போடும்போது குண்டுக்கும் அதற்கும் இடையில் வெற்றிடம் இருக்கக் கூடாது என்பதற்காகப் போடுவது. கிளப்பில் உள்ளவர்கள் அதை சூப்பர்மார்க்கெட்டில் வாங்கினார்கள். யோகலிங்கத்துக்கு அந்தச் செலவும் இல்லை.

"உப்புமாவுக்கு வாங்கி வைச்ச ரவையைக் கொண்டுபோய்த் துவக்குக்குத் தீத்திறியளே!" என்று கலாவதி ஒருநாள் போத்தலைத் தூக்கிக் காட்டினாள்.

"ரெண்டு கரண்டி தானே கலா."

"வறுத்ததோ, வறுக்காததோ?"

"வறுக்காதது."

"அப்ப சரி. வறுத்ததிலை கை வைச்சியளெண்டால் தெரியும்."

யோகலிங்கத்தை முதலில் கிளப்புக்குக் கூட்டிக்கொண்டு போனவர் கோர்டன். மனைவி இறந்த பிறகு, இனித் தன்னை ஏற்றி இறக்க ஆள் இல்லை என்று அறுபத்தாறு வயதில் கார் பழக வந்த மனிதர். நான்காவது தடவையில் பாஸ் பண்ணினார். அந்தச் சந்தோசத்தில், விருந்தினர் வரலாம் என்ற ஒரு நாளில் யோகலிங்கத்தைக் கிளப்புக்கு அழைத்தார். மறுக்கத் தெரியாததால் அவரும் போனார். கோர்டன் தன்னுடைய ரிவோல்வரைக் கையில் கொடுத்து, "இது தானாக எதுவும் செய்யாது. ஒவ்வொரு முறையும் பின்னால் நிற்கும் இந்தச் சுத்தியலை நீதான் கட்டைவிரலால் பின்னுக்கு இழுக்க வேண்டும். இழுக்காவிட்டால் விசையை எவ்வளவு அமுக்கினாலும் ஒன்றும் நடக்காது" என்றார்.

யோகலிங்கம் இழுத்தார். உருளை ஒரு அறை சுழன்று 'டக்' என்று நின்றது. சுட்டார். வெள்ளைப் புகை எழும்பி இலக்கை மறைத்தது. அது கலையும்வரை எல்லோரும் சும்மா நின்றார்கள். குண்டு கறுப்பு வட்டத்தில் மட்டுமல்ல, கடதாசியிலேயே பட்டிருக்கவில்லை. ஆனால் தன் வலது கால் தரையில் அசையாமல் இருந்ததை அவர் கவனித்தார். இங்கே வேறு ஒருவருடைய பிழைக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. பிழை விட்டால் அது தன்னுடையது, அதுவும் தான் இழுத்த பிறகுதான்.

இளவயதில் க்ரொய்டன் குடிவரவு அலுவலகத்தில், "நீ எப்போதாவது ஆயுதம் ஏந்தியிருக்கிறாயா?" என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டபோது, இல்லை, இல்லை என்று தேவைக்கு அதிகமாகவே தலையாட்டியவர் அவர். அது உண்மையும்தான். அதே அரசாங்கத்திடம் கால் நூற்றாண்டு கழித்து ஆயுதம் வைத்திருக்க அனுமதி கேட்டுக் கையெழுத்து வைத்த அன்று அவருக்கு நித்திரை வரவில்லை. கேட்டது கிடைத்தது. ஐந்து வருடத்துக்குச் செல்லும். அந்த ஐந்து வருடம் இந்த ஒக்டோபரில் முடிகிறது. புதுப்பிக்க மறுத்தால் ரிவோல்வர் போய்விடும், ஞாயிற்றுக்கிழமையும் போய்விடும். அவரைப் பிடித்திருந்த பயம் இதுதான்.

அனுமதியோடு வந்த நிபந்தனைகளில் ஒன்று, இரும்பு அலுமாரியின் பூட்டைத் திறக்கும் திறப்பு வேறு யார் கையிலும் இருக்கக் கூடாது என்பது. மனைவி, பிள்ளை என்றாலும்.

கலாவதியின் வீட்டில் அது லேசான காரியமில்லை. கடவுச்சீட்டு, தாலிக்கொடி, வீட்டு உறுதி, மகள் ஜதுர்ஷிகாவின் பட்டச் சான்றிதழ் எல்லாம் அவளுடைய அலுமாரியில், அவளுடைய திறப்புக் கொத்தில். படிக்கட்டுக்குக் கீழே, அரிசி மூட்டைக்குப் பக்கத்தில், தான் திறக்க முடியாத ஒரு பெட்டி வந்து குந்தியதை அவள் வாய் திறந்து எதிர்க்கவில்லை. முதல் நவராத்திரி வரும்வரை பொறுத்திருந்தாள்.

ஆயுத பூசையன்று வீட்டில் உள்ள ஆயுதமெல்லாம் சாமித்தட்டுக்கு முன்னால் வரும். கறிவெட்டும் கத்தி, தையல் மெசினின் ஊசிப்பெட்டி, மகளின் லாப்டொப், அவருடைய எல் போர்ட். எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், ஒரு பூ. வைத்ததை மறுநாள் விஜயதசமியில் நல்ல நேரம் பார்த்து எடுக்கும்வரை யாரும் பாவிக்கக் கூடாது.

"துவக்கையும் வையுங்கோ" என்றாள் அந்த வருடம்.

"அது ஏலாது கலா. சட்டம் விடாது."

"வீட்டிலை இருக்கிற ஆயுதமெல்லாம் வைச்சுப்போட்டு, பேரிலேயே ஆயுதமாய் இருக்கிற ஒண்டை மட்டும் விட்டால் அம்பாள் என்ன நினைப்பா?"

நெடுநேரம் இழுபட்டு, திறப்பை மட்டும் தட்டில் வைப்பதென்று முடிந்தது. அன்றிரவு அவர் தட்டுக்குப் பக்கத்தில் சோபாவில் படுத்துக் காவல் இருந்தார். இரண்டாம் வருடம் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அறையில் படுத்தார். அதற்குப் பிறகு கதவையும் சாத்திக்கொண்டார். வருடத்தில் ஒரு இரவுதானே என்று மனம் சொல்லிக்கொண்டது.

இந்த வருடப் பூசைக்கு ஃபாரஸ்ட் கேட்டிலிருந்து கலாவதியின் தமையன் ஸ்ரீஸ்கந்தராஜா வந்திருந்தார். தட்டின் நடுவில் குங்குமப் பொட்டோடு திறப்பைக் கண்டதும் தொடங்கிவிட்டார்.

"மச்சான், கோயில் திருவிழாவிலை வாணம் விட்டால் காதைப் பொத்திக்கொண்டு ஓடின ஆள் நீ. இப்ப லண்டனிலை ஷெரிப்! குதிரையை எங்கை கட்டியிருக்கிறாய்?"

"வெளியிலை நிக்குது மாமா, கௌன்சில் பார்க்கிங் பேமிட்டோடை" என்றாள் ஜதுர்ஷிகா.

"ஆரையாவது சுட்டிருக்கிறியோ இதுவரைக்கும்?"

"கடதாசியையே ஒழுங்காய்ச் சுடேல்லை அண்ணை" என்றாள் கலாவதி, கடலைத் தட்டை நீட்டியபடி. "போன கிழமை பதின்மூண்டு சுட்டு நாலு வெளியிலை போனதாம். நான் தேங்காய் துருவிக்கொண்டு சுட்டிருந்தாலும் பட்டிருக்கும்."

யோகலிங்கமும் சிரித்தார். அனுமதியைப் புதுப்பிப்பதற்காகப் பொலிஸ் வீட்டைப் பார்க்க வருவதற்கு இன்னும் ஒரு கிழமை இருந்தது.

மறுநாள் காலை தொலைபேசி அடித்தது. துப்பாக்கி அனுமதிப் பிரிவிலிருந்து ஜூடித் என்ற அலுவலர். இன்று பக்கத்துத் தெருவில் ஒரு வேலை இருக்கிறது, வந்தால் வசதிப்படுமா, இல்லாவிட்டால் பேசியபடி அடுத்த கிழமையே வருகிறேன் என்றார். அடுத்த கிழமை என்று சொல்ல வேண்டியதுதான். ஆனால் பதற்றக்காரருக்கு ஒரு குணம் உண்டு. தள்ளிப்போடக்கூடிய வேதனையை இழுத்து முன்னுக்கு வைத்துக்கொள்வார்கள். "வாருங்கள், இப்போதே வாருங்கள்" என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்த பிறகுதான் தட்டு ஞாபகம் வந்தது.

"கலா, திறப்பை எடுக்கப் போறன்."

"நல்ல நேரம் மத்தியானம் தான். அதுக்கு முன்னம் கை வைக்காதேங்கோ."

"பொலிஸ் வருது."

"வரட்டும். அம்பாளைக் கும்பிட்டிட்டு இருக்கட்டும். கடலை மிஞ்சிக் கிடக்குது."

அவர் தட்டுக்குக் கிட்டப் போய் நின்றார். கை நீட்டினார். அதற்குள் கதவு மணி அடித்தது.

ஜூடித் வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றினார். கடலை சாப்பிட்டார், தேத்தண்ணி குடித்தார். உடம்பு எப்படி, குடிப்பதுண்டா, வீட்டில் பிரச்சினை ஏதும் உண்டா என்று கேட்டார். எல்லாம் சுகமாகப் போனது. பிறகு, "அலுமாரியைத் திறந்து காட்டுகிறீர்களா?" என்றார்.

யோகலிங்கம் எழுந்து சாமி மூலைக்குப் போனார். அவர் பின்னாலேயே ஜூடித்தும் வந்துவிட்டார்.

"எவ்வளவு அழகு! இது என்ன?"

யோகலிங்கம் சொன்னார். வேலை செய்யும் கருவிகளுக்கு வருடத்தில் ஒருநாள் நன்றி சொல்வது. ஜூடித் கத்தியைப் பார்த்தார், பூ வைத்த லாப்டொப்பைப் பார்த்தார், நடுவில் இருந்ததைப் பார்த்தார்.

"அது அந்த அலுமாரியின் திறப்பா?"

"ஆமாம்."

"எப்போதிலிருந்து இங்கே இருக்கிறது?"

"நேற்று மாலையிலிருந்து."

ஜூடித்தின் முகத்திலிருந்து சிரிப்பு கழன்றதைக் கலாவதி கண்டாள். கணவன் பொருட்களைக் கவனமில்லாமல் போட்டு வைக்கிறவர் என்று இந்த மனுசி நினைத்துவிட்டாள் என்று அவளுக்குப் பட்டது. பாடசாலைச் சமையலறையில் இருபது வருடம் பேசிய ஆங்கிலத்தில் அவள் உதவிக்கு வந்தாள்.

"டோன்ட் வொரி மேடம். ஹீ லூஸ் எவ்ரிதிங். கண்ணாடி, போன், எவ்ரிதிங். ஐ கீப் சேஃப். லாஸ்ட் இயர், திஸ் கீ, வன் வீக் வித் மீ. நோ ப்ரொப்ளம்."

போன வருடம் பூசை முடிந்து ஒரு கிழமை அது அவளுடைய கொத்தில் கிடந்திருக்கிறது. அந்த ஞாயிறு மழையென்று அவர் கிளப்புக்குப் போகவில்லை, திறப்பைத் தேடவும் இல்லை. யோகலிங்கத்தின் வலது கால் தரைவிரிப்பை ஓங்கி அழுத்தியது. அங்கே பிரேக் இருக்கவில்லை.

ஜூடித் கெட்ட மனுசி இல்லை. யோகலிங்கத்தின் பக்கம் திரும்பி, "உங்கள் மனைவி வேறு ஏதாவது திறப்பைச் சொல்கிறாரோ? வீட்டுத் திறப்பு, அப்படி ஏதும்?" என்றார்.

ஓம் என்றால் போதும். மனைவிக்கு ஆங்கிலம் காணாது, மாறிச் சொல்லிவிட்டாள் என்று சிரித்துவிட்டு அலுமாரியைத் திறக்கலாம். அடுத்த ஞாயிறு வழக்கம்போலப் போகலாம். கேட்டதற்கு மட்டும் பதில் சொல், அதற்கு மேலே ஒரு சொல்லும் வேண்டாம் என்று கோர்டனும் சொல்லி அனுப்பியிருந்தார். ஆனால் கலாவதி பக்கத்தில் நின்றாள். ஜூடித் கேட்டது அவளுக்கு நன்றாகவே விளங்கியிருந்தது. தன் வீட்டில், தன் சாமித்தட்டுக்கு முன்னால் நின்று, கணவன் தன்னை என்னவென்று சொல்லப் போகிறார் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இல்லை" என்றார் யோகலிங்கம். "அவ சொல்வது சரி. இதே திறப்புத்தான். வருடா வருடம் நான்தான் இங்கே வைக்கிறேன்."

பிறகு நடந்தது எல்லாம் மரியாதையாகவே நடந்தது. மேலதிகாரி தீர்மானிக்கும்வரை ரிவோல்வரைப் பதிவுபெற்ற வியாபாரி ஒருவரிடம் இன்றே ஒப்படைக்க வேண்டும். புதுப்பிப்பார்கள் என்று உறுதி சொல்ல முடியாது. உண்மையைச் சொன்னதையும் எழுதிக்கொள்கிறேன் என்றார் ஜூடித். எழுதிக்கொண்டார்.

"திறப்பை எடுத்துத் தாரும்" என்றார் யோகலிங்கம் பழக்கத்தில்.

"நீங்களே எடுங்கோ" என்றாள் கலாவதி.

நல்ல நேரத்துக்கு இன்னும் இரண்டு மணித்தியாலம் இருந்தது.

வியாபாரியின் கடையிலிருந்து திரும்பும்போது அவளும் காரில் இருந்தாள். வலதுபக்கம் அவர், இடதுபக்கம் அவள். தோர்ண்டன் ஹீத் தாண்டியதும் அவள் தொடங்கினாள்.

"நான் என்ன கள்ளியோ?"

"ஆர் அப்பிடிச் சொன்னது?"

"அவ முகம் சொன்னது. உங்கடை உயிரையே என்னை நம்பித் தந்திருக்கிறியள், பிறஷர் குளிசை எது எப்ப எண்டு எனக்குத் தான் தெரியும். ஒரு இரும்புப் பெட்டிக்கு நான் ஆகாதோ?"

"அது சட்டம் கலா. சட்டத்துக்கு உம்மைத் தெரியாது."

"உங்களுக்குத் தெரியும் தானே?"

"அதாலை தானே நீர் மாறிச் சொல்லிப்போட்டீர் எண்டு அவவுக்குச் சொல்லேல்லை."

அவள் கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். "சிவப்பு விழுந்திட்டுது, பிரேக்கைப் பிடியுங்கோ" என்றாள்.

நவம்பர், டிசம்பர் எல்லா ஞாயிறும் அவர் வீட்டில் இருந்தார். கூரைப் பீலியில் அடைத்த இலையை வழித்தார், ஆடாத கதிரைக் காலுக்கு ஆணி அடித்தார். கிளப்பின் துப்பாக்கியைப் பாவிக்கலாம், வா என்று கோர்டன் இரண்டு முறை கூப்பிட்டார். தீர்மானம் தெரியாமல் அங்கே போய் நிற்க மனம் வரவில்லை. டிவிக்கு முன்னால் ரிமோட்டைப் பிடித்தபடி அதன் மேல் முனையைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து இழுத்து விட்டார். தான் செய்வது அவருக்கே தெரியாது. கலாவதிக்குத் தெரிந்தது.

ஒரு மாலை அவளும் ஜதுர்ஷிகாவும் லாப்டொப்பில் குனிந்திருந்தார்கள்.

"அம்மா, திஸ் வன். நம்பர் லொக். நோ கீ அட் ஓல்."

"திறப்பே இல்லையோ? அப்ப அதையே போடு. வீட்டிலை ஒருத்தருக்கும் திறப்பு வேண்டாம், ஒருத்தருக்கும் ரோசமும் வேண்டாம்."

புது அலுமாரி வந்தது. பழையது இருந்த இடத்தில், அரிசி மூட்டைக்குப் பக்கத்திலேயே பூட்டினார்கள். இலக்கம் பதியும் நேரத்தில் கலாவதி செருப்பைப் போட்டுக்கொண்டு பின்வளவுக்குப் போய், குளிரில், வேலியைப் பார்த்தபடி நின்றாள். "முடிஞ்சுதோ? நான் ஒண்டும் பாக்கேல்லை!" என்று அங்கிருந்தே கத்தினாள். பக்கத்து வீட்டுக்காரர் யன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

ஜனவரியில் ஜூடித் மறுபடி வந்தார். இந்த முறை கலாவதியைத்தான் முதலில் கேட்டார்.

"இதன் இலக்கம் உங்களுக்குத் தெரியுமா?"

"ஐ டோன்ட் நோ" என்றாள் கலாவதி. "சூன், ஹீ ஆல்சோ டோன்ட் நோ."

ஜூடித் வாய்விட்டுச் சிரித்தார். சில கிழமைகளில் அனுமதி புதுப்பிக்கப்பட்டது. எச்சரிக்கை ஒன்று பதிவில் இருக்கும், இன்னொரு முறை இப்படி நடந்தால் பேச்சுக்கு இடமில்லை என்றும் சொன்னார்கள். ரிவோல்வரை மீட்டுக்கொண்டு போன முதல் ஞாயிறு பதின்மூன்று சுட்டார். ஐந்து வெளியே போனது. கைப்பழக்கம் விட்டுப்போய்விட்டது என்றார் கோர்டன். யோகலிங்கம் சந்தோசமாக வீட்டுக்கு வந்தார்.

அடுத்த ஒக்டோபரில் ஆயுத பூசை வந்தது. கத்தி வந்தது, ஊசிப்பெட்டி வந்தது, லாப்டொப் வந்தது, எல் போர்ட் வந்தது. ஸ்ரீஸ்கந்தராஜாவும் வந்தார். தட்டின் நடுவில் ஓரிடம் வெறுமையாக இருந்ததை எல்லோரும் கண்டார்கள். யோகலிங்கம் பின்னால் தள்ளி நின்றார்.

கற்பூரம் காட்ட முன்பு கலாவதி திரும்பினாள்.

"இஞ்சருங்கோ, கையைத் தாருங்கோ. அதில்லை, வலது கை."

கையைப் பிடித்து விரலை விரித்தாள். சுத்தியல் உரசிக் காய்த்துப்போயிருந்த கட்டைவிரலில் சந்தனத்தைப் பூசி, அதன் மேல் குங்குமம் வைத்தாள். ஒரு செவ்வந்தி இதழையும் ஒட்டிவிட்டாள்.

"இதுக்கு லைசென்ஸ் வேண்டாம் தானே?"

"வேண்டாம்" என்றார் அவர்.

"அப்ப நாளைக்கு நல்ல நேரம் வருமட்டும் இதைப் பாவிக்கக் கூடாது. சொல்லிப்போட்டன்."

"ஷெரிப்பின்ரை கை கட்டுப்பட்டுப் போச்சு!" என்றார் ஸ்ரீஸ்கந்தராஜா.

அன்று இரவுச் சாப்பாட்டை யோகலிங்கம் இடது கையில் கரண்டியைப் பிடித்துச் சாப்பிட்டார். வலது கட்டைவிரல் சாப்பாட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில், மேசைமேல், பூவோடு தனியாக இருந்தது. அவித்த கடலை கரண்டியிலிருந்து உருண்டு உருண்டு ஓடியது. மூன்றாவது தடவை ஓடியதைக் கலாவதி பொறுக்கி அவருடைய வாயில் போட்டாள்.

"இதுவும் வெளியிலை தான் போகுது" என்றாள்.